எண்ணெய் போட்ட கேட்

தம்பி, காதுல மாட்டியிருக்கறதைக் கொஞ்சம் எடுங்க. ஒண்ணுமில்ல, அந்த ஜன்னல் கண்ணாடி கடகடன்னு அடிச்சுக்குது பாருங்க, இந்தப் பேப்பரை மடிச்சு இடுக்குல சொருகுங்க. திருச்சியிலேருந்து இதைக் கேட்டுக்கிட்டே வரேன். உங்களுக்கென்ன, காதை அடைச்சுக்கிட்டீங்க. ஆங், இப்பச் சரி.

எங்க எறங்கறீங்க? கூடுவாஞ்சேரியா. அப்படியா. இல்ல, சும்மாதான் கேட்டேன். எனக்குக் கிளாம்பாக்கம், அங்கேருந்து வடபழனி. வடபழனியில ஒரு சவுண்டு ஸ்டுடியோ இருக்கு, அங்க ஒரு ஆளைப் பாக்கணும். ஒரு நியாயம் கேக்கணும்.

பொன்மலை ஒர்க்‌ஷாப்புல இருந்து ரிடையர் ஆனவன் நான். பேரு கலியமூர்த்தி. ரயில்வே ஆளு பஸ்ல ஏன் வரேன்னு கேப்பீங்க. பாஸ் இருக்கு தம்பி, வருஷா வருஷம் வருது. ஆனா எக்ஸ்பிரஸ் எதுவும் கூடுவாஞ்சேரியில நிக்காது. எனக்கு அங்க ஒரு வேலையும் இல்லைன்னு வைங்க. இருந்தாலும் பஸ்ஸுன்னா நெனச்ச எடத்துல எறங்கிக்கலாம் பாருங்க.

நியாயம்னு சொன்னேனே, என்ன நியாயம்னு கேளுங்க. என் வீட்டு கேட்டோட சத்தத்தை எடுத்துட்டாங்க. சிரிக்காதீங்க. அப்படியே எடுத்துட்டாங்க.

போலீஸ் சீரியல் எடுக்கறவங்க தம்பி. டிவியில ஞாயித்துக்கிழமை வருதே, இன்ஸ்பெக்டர் தாடி வெச்சுக்கிட்டு, தூங்காத கண்ணோட சுத்துவாரே, அது. போன ஆடி மாசம். காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது. ஒருத்தர் வந்து தெருவுல நின்னுக்கிட்டு என் வீட்டைப் போட்டோ புடிக்கிறாரு. என்னய்யான்னு கேட்டா, "சார், உங்க வீடு ஒரு வாரத்துக்கு வேணும்"ங்கறாரு. கதை என்னன்னா, ஒரு பெரியவர் தனியா இருக்காரு. செத்துப் போறாரு. நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் தெருவுக்கே தெரியுது. போலீஸ் வருது. அவ்வளவுதான். எத்தனையோ வீடு இருக்கே, இந்த வீடு ஏன் புடிச்சுதுன்னு கேட்டேன். "செட்டு போட்டாக்கூட இப்படி வராது சார்"ன்னாரு. எனக்குப் பெருமையாப் போச்சு.

அவங்கள்ல ஒருத்தரு, வீட்டைக் கதைக்குத் தோதா மாத்தறதுக்குன்னே ஒரு வண்டி நெறைய சாமான் கொண்டாந்தாரு. பழைய காலண்டர், கிழிஞ்ச பாய், காலி மாத்திரை அட்டை, என்னென்னமோ. ஹால்ல நின்னு சுத்திப் பாத்தாரு. அடுக்களைக்குப் போனாரு. கவுத்து வெச்ச தட்டு ஒண்ணு, டம்ளர் ஒண்ணு. ஜன்னலோரம் கேட்டைப் பாத்த மாதிரி ஒரு நாற்காலி. எல்லாத்தையும் பாத்துட்டு வெளிய போயி, "ஒண்ணும் வேணாம்ப்பா, எல்லாத்தையும் திருப்பி வண்டியில ஏத்துங்க"ன்னுட்டாரு. நான் வீட்டை வெச்சிருக்கற நேர்த்தி அப்படி.

அந்த ஒரு வாரம் இருக்கே தம்பி, கலகலன்னு இருந்துச்சு. முப்பது பேரு. செருப்பைக் கழட்டினா வாசல் தெரியல. டீ போடறதுக்கே ஒரு ஆளு. எனக்கும் சேத்துச் சாப்பாடு, இலை போட்டு. "அப்பா, நகந்துக்கோங்க", "அப்பா, அந்த லைட்டைப் போடுங்க"ன்னு எல்லாம் என்னை அப்பான்னுதான் கூப்பிட்டாங்க. அப்படிக் கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு யாரும்.

கேமராக்காரரு கேமராவைத் தோள்லயே வெச்சுக்கிட்டு நடக்கறாரு. ஆடுது. நான் சொன்னேன், "ஐயா, ஸ்டாண்டு இல்லையா, படம் ஆடுமே"ன்னு. டைரக்டர் சிரிக்கிறாரு. "ஆடணும் சார். ஆடினாத்தான் பாக்கறவன் தானே உள்ள வந்து நிக்கற மாதிரி நெனைப்பான்"ங்கறாரு. வேணும்னே கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு எடுக்கறாங்க, ஜன்னல் கம்பி குறுக்க வர மாதிரி எடுக்கறாங்க. பேசறவன் மூஞ்சியைக் காட்டாம முதுகைக் காட்டறாங்க. ஒட்டுக் கேக்கற மாதிரியே இருக்கணுமாம். வெளிச்சத்துக்கு விளக்கே கிடையாது, என் வீட்டு ட்யூப்லைட்டுதான். அதுவும் விட்டு விட்டு எரியும். அதை மாத்திடறேன்னேன், "ஐயோ தொடாதீங்க"ன்னுட்டாங்க.

அதையெல்லாம் விடுங்க. சவுண்டுக்காரரு ஒருத்தர், சகாயம்னு பேரு. நான் இப்பப் பாக்கப் போறதே அவரைத்தான். ஒசரமான கம்பு, நுனியில பூனையாட்டம் மயிரு வெச்ச மைக்கு. காதுல பெரிய மூடி. அவரு வேலை எனக்குப் புடிச்சுப் போச்சு. ஏன்னா நானும் காதால பொழைச்சவன்தான். ஒர்க்‌ஷாப்புல வண்டிச் சக்கரத்தைச் சுத்தியலால தட்டுவேன். நல்ல சக்கரம் கணீர்னு சொல்லும். விரிசல் விட்டது மொக்கையா ஒரு சத்தம் கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கூடச் சொல்லிடுவேன். என் காதை ஏமாத்த முடியாது.

அந்தச் சகாயம் வந்ததும் வராததுமா என்ன பண்ணாரு தெரியுமா? ஃபேனை நிறுத்துன்னாரு. ஃபிரிட்ஜை நிறுத்துன்னாரு. சுவர்ல போர்வையைத் தொங்க விட்டாரு, எதிரொலி வரக்கூடாதாம். வீட்டுல இருக்கற சத்தத்தையெல்லாம் நிறுத்திட்டு, அப்புறம் தனியாப் புடிச்ச ஃபேன் சத்தத்தை ஒட்டுவாங்களாம். போலீஸ்காரன் நடக்கறது, வயர்லெஸ்ஸுல கரகரன்னு யாரோ பேசறது, பக்கத்துத் தெரு நாயி, எல்லாம் அப்புறமா ஒட்டறது. எதுக்குய்யான்னு கேட்டா, அப்பத்தான் நிஜமா இருக்குமாம். நல்ல நிஜம் போங்க.

ஆனா ஒண்ணு பண்ணாரு. ஒவ்வொரு நாளும் வேலை முடிஞ்சதும், "எல்லாரும் அப்படியே நில்லுங்க, ஒரு நிமிஷம் யாரும் அசையக்கூடாது, ரூமோட சத்தத்தை எடுக்கணும்"ம்பாரு. ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு அமைதி உண்டாம், அது ஒண்ணுக்கொண்ணு ஒத்து வராதாம். முப்பது பேரும் நின்ன எடத்துல நிப்பாங்க. டீ டம்ளரைக் கையில வெச்சவன் வெச்சபடி. நானும் நடுவுல நிப்பேன். எனக்கு அந்த வீட்டுல அமைதி ஒண்ணும் புதுசு இல்ல. வருஷக்கணக்கா அதுலதான் இருக்கேன். ஆனா முப்பது பேரு மூச்சு விட்டுக்கிட்டு அமைதியா நிக்கறது இருக்கு பாருங்க, அது வேற. தினம் அந்த ஒரு நிமிஷம் எப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருப்பேன்.

கேட்டுக்கு வரேன். இன்ஸ்பெக்டர் வீட்டுக்குள்ள வர ஸீன். கேட்டைத் தள்ளினதும் கிரீச்சுன்னு அலறுது. அவரு பேசறது காதுல விழல. உடனே ஒருத்தன் எண்ணெய் டப்பாவைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தான். நான் கையைப் புடிச்சுட்டேன். "தொடாதே. இந்த கேட்டுக்கு இதுவரைக்கும் எண்ணெய் போட்டதில்ல. போடவும் கூடாது"ன்னேன். சகாயம் காது மூடியைக் கழட்டிட்டு வந்து, "ஏன் சார்?"ன்னாரு.

ஏன்னா அந்த கேட் பேசும் தம்பி. பால்காரர் தொறந்தா ஒரு மாதிரி, முட்டித் தள்ளுவாரு. போஸ்ட்மேன்னா பாதிதான். உள்ள இருந்தபடியே யாரு வரா, யாரு போறான்னு சொல்லிடுவேன். பொம்பளைப் புள்ள இருக்கற வீட்டுல தாய் இல்லைன்னா, தகப்பன்தானே கவனமா இருக்கணும்? எனக்கு ஒரு மக, வளர்மதி. அவ பத்தாவது படிக்கும்போதே அவ அம்மா தவறிப் போயிட்டா. ஆறு மணிக்கு வர வேண்டியவ ஆறேகாலுக்கு வந்தா கேட் சொல்லிடும். நான் திட்ட மாட்டேன், அடிக்க மாட்டேன். கடிகாரத்தை ஒரு தடவை பாப்பேன், அவ்வளவுதான்.

அவளும் கெட்டிக்காரி. ரெண்டு கையாலயும் கேட்டைக் கீல்லேருந்து லேசாத் தூக்கி, இடுப்பால முட்டுக் கொடுத்து நகத்துவா. சத்தமே வராது. வராதுன்னு அவ நெனச்சுக்கிட்டு இருந்தா. வரும். கடைசியா கீழ வைக்கும்போது "க்ளுக்"குன்னு ஒண்ணு, கொலுசு கழண்டு விழற மாதிரி. அது எனக்குக் கேக்கும். ஒரு நாளும் அவகிட்ட அதைச் சொன்னதில்ல. வேலைக்குப் போற எடத்துல ஒரு பையனைப் புடிச்சுப் போயி, வேற ஆளுங்க, அவனைத்தான் கட்டிப்பேன்னா. நான் வேண்டாம்னே சொல்லல தம்பி. சத்தியமாச் சொல்லல. பேசறதை நிறுத்திட்டேன், அவ்வளவுதான். பங்குனியிலேருந்து ஆனி வரைக்கும் ஒரே வீட்டுல ஒரு வார்த்தை பேசல. அவ சாப்பாடு வெப்பா, நான் சாப்பிடுவேன். ஒரு வார்த்தை திட்டியிருப்பேனா? இல்லையே. அப்படியும் ஒரு நாள் விடிகாலையில பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. வருஷம் பல ஆச்சு.

இதைச் சகாயத்துக்கிட்ட சொன்னேன். சத்தத்தைப் பத்திக் கேட்டாரு, சொன்னேன். அவ எப்படித் தொறப்பான்னு கேட்டாரு. நானே ரெண்டு கையால தூக்கி, முட்டுக் கொடுத்து, நகத்திக் காமிச்சேன். க்ளுக். அவரு மைக்கைக் கீல் பக்கத்துல வெச்சுக்கிட்டு, "இன்னொரு தடவை சார், இன்னொரு தடவை சார்"னு எடுத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம், "அன்னைக்குக் காலையிலயும் இது கேட்டுச்சா சார்?"ன்னாரு. கேட்டுதே, படுத்துக்கிட்டே கேட்டேனேன்னேன். மனுஷன் மைக்கைக் கீழ வெச்சாரு. டைரக்டர்கிட்ட போயி ஏதோ சொன்னாரு. டைரக்டர் என்னை ஒரு மாதிரி திரும்பிப் பாத்தாரு. மறுநாள் கதையில இல்லாத ஒரு ஸீனைப் புதுசா எடுத்தாங்க.

கடைசி நாள் எல்லாம் மூட்டை கட்டிக்கிட்டுப் போனாங்க. ஒவ்வொருத்தரா வந்து கையைப் புடிச்சுக்கிட்டு, "வரோம்ப்பா"ன்னாங்க. மறுநாள் காலையில திடீர்னு அடுக்களை ஜன்னல்ல பால்காரர் மூஞ்சி. தூக்கி வாரிப் போட்டுச்சு எனக்கு. எப்படிய்யா உள்ள வந்தேன்னா, "கேட்டைத் தொறந்துதான்"ங்கறாரு. போயிப் பாத்தா, கீல்ல வழிய வழிய எண்ணெய். அந்த எண்ணெய் டப்பாக்காரன்! பெரியவருக்கு ஒரு உதவி பண்ணிட்டுப் போவோம்னு போற போக்குல போட்டுட்டுப் போயிருக்கான். நான் புடிச்சுத் தடுத்தது படப்பிடிப்புக்காகன்னு நெனச்சுக்கிட்டான் போல. கேட் வெண்ணெயாட்டம் தொறக்குது. ஒரு சத்தம் இல்ல. வழுக்கிக்கிட்டுப் போகுது.

என்ன பண்ணலை நான்? மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவினேன். சோப்புத் தண்ணி. மணலைப் போட்டேன். தினம் காலையில உப்புத் தண்ணி ஊத்திப் பாத்தேன், துருப் புடிக்கட்டும்னு. எதுத்த வீட்டு ஜெயக்கொடி, "செடியா வெச்சிருக்கீங்க அங்க?"ன்னு கேக்குது. நல்ல இரும்பு தம்பி, எங்க ஒர்க்‌ஷாப்பு ஆளு அடிச்சது, லேசுல துரு ஏறாது. சகாயத்துக்குப் போன் போட்டேன். "சார், சத்தம் என்கிட்ட பத்திரமா இருக்கு, வாட்ஸப்புல அனுப்பறேன்"ங்கறாரு. வாட்ஸப்புல வர சத்தத்தைக் கீல்ல மாட்ட முடியுமா? கடைசியில, "ஒரு தடவை ஸ்டுடியோ பக்கம் வாங்க சார்"ன்னாரு. அதான் போறேன்.

டிவியில வந்துச்சா? வந்துச்சு, கார்த்திகையில. எங்க அக்கா லால்குடியில இருக்கு, அதுக்கு மட்டும் போன் பண்ணிச் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாதே, முக்கியமா வளர்மதிகிட்ட சொல்லாதேன்னேன். எந்த சானல், எத்தனை மணின்னெல்லாம் அது குறிச்சுக்கிச்சு.

பாத்தேன். என் வீடு தம்பி, ஆனா என் வீடு மாதிரியே இல்ல. அப்படி ஆடுது. அந்தக் கேமரா ஹாலுக்குள்ள போறப்ப எனக்கே பயமா இருக்கு, உள்ள என்ன கிடக்குமோன்னு. பொணத்தைக் காட்டவே இல்ல, கால் மட்டும்தான். ஆனா ஈ மொய்க்கற சத்தத்தைச் சேத்திருக்காங்க! என் வீட்டுல ஈ கிடையாது. தினம் பினாயில் போட்டுத் துடைக்கறேன். வயர்லெஸ்ஸு கரகரங்குது, ஒரே நேரத்துல ரெண்டு பேரு பேசறாங்க, ஒண்ணும் புரியல, ஆனா நிஜமாப் போலீஸு வந்த மாதிரியே இருக்கு. பாட்டு இல்ல, மியூசிக் இல்ல.

கடைசியில அந்தப் புது ஸீன் வந்துச்சு. பெரியவர் உசுரோட இருந்தப்ப நடந்தது. நாற்காலியில உக்காந்திருக்காரு. கேமரா அவரு முதுகுக்குப் பின்னாடி, அசையாம நிக்குது, அந்த ஒரு தடவைதான் அது ஆடல. கேட்ல "க்ளுக்". மகன் வந்துட்டு, உள்ள வராம திரும்பிப் போறானாம். பெரியவர் எழுந்திரிக்கல. முதுகு மட்டும்தான் தெரியுது. நம்ம ரூமோட அந்த அமைதி, அதை அப்படியே ஓட விட்டுட்டாங்க. அந்த ஆளு ஏன்தான் எழுந்திரிக்காம உக்காந்திருக்கான்னு எனக்கே எரிச்சலா வந்துச்சு.

மறுநாள் காலையில போன். புது நம்பர். "அப்பா"ன்னா. அவ குரல் எனக்குத் தெரியாதா? நல்லா இருக்கீங்களா, சாப்டீங்களா, ஒண்ணும் கேக்கல. "அப்பா, நான் போன அன்னைக்கு நீங்க முழிச்சுக்கிட்டா இருந்தீங்க?"ன்னா. ஆமா, கேட் சத்தம் கேட்டுச்சே, எப்பவும் கேக்குமேன்னேன். "எப்பவுமா?"ன்னா. எப்பவும்தான்னேன். "அப்புறம் ஏம்ப்பா எழுந்து வரல? தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனேன்"ன்னா. என்ன கேள்வி இது? அவ சத்தம் வராமத்தானே போனா? எனக்குத் தெரியக்கூடாதுன்னுதானே அவ்வளவு பாடுபட்டுத் தூக்கி வெச்சா? அதைத்தான் சொன்னேன். நீதாம்மா சத்தம் போடாமப் போனேன்னேன்.

அவ பேசல. போனையும் வெக்கல. நான் சகாயம் மாதிரி காதுல அழுத்தி வெச்சுக்கிட்டு அசையாம நின்னேன். அவ வீட்டு ஃபேன் ஓடுது. குக்கர் ஒரு விசில் அடிச்சுது. அப்புறம் ஒரு சின்னப் புள்ளக் குரல் தம்பி, கிட்டத்துலேருந்து. "யாரும்மா?"ன்னுச்சு. எனக்கு அப்படி ஒரு பேரப்புள்ள இருக்கறது அன்னைக்குத்தான் தெரியும். அக்கா கூடச் சொல்லல. அவ அதுக்குப் பதில் சொல்லல. சொல்லியிருந்தா என் காதுல விழுந்திருக்கும். யாருன்னு சொல்லப் போறான்னு மூச்சைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். "வெக்கிறேம்ப்பா"ன்னு வெச்சுட்டா.

அன்னையிலேருந்து நாற்காலியை விட்டு நகர முடியல. ஒருவேளை அவ வந்துட்டா? முன்னன்னா அடுக்களையில இருந்தாலும் தெரிஞ்சுடும். இப்ப அந்தச் சனியன் புடிச்ச கேட்தான் வாயே தொறக்காதே. வந்து நின்னு பாத்துட்டு, அப்பா வரலைன்னு திரும்பிப் போயிட்டாள்னா? இன்னைக்குக் கூட ஜெயக்கொடியை வாசல்ல உக்காரச் சொல்லிட்டுத்தான் கிளம்பினேன்.

மறைமலைநகர் தாண்டிருச்சா? ஆமா, அவ இருக்கறதும் கூடுவாஞ்சேரிதான். அட்ரஸெல்லாம் எனக்கெதுக்கு? நந்திவரம் ஏரிக்குப் போற ரோட்டுல மஞ்சக் கலர் அபார்ட்மெண்டு, ரெண்டாவது மாடி, படியேறினா எடது பக்கம். அவ்வளவுதான் தெரியும். எறங்கறதா? நல்லாருக்கே. அவ கேட்டதுக்கு நான் பதில் சொல்லிட்டேன். இனிமே வர வேண்டியது அவதான். அதுவும் இல்லாம, அபார்ட்மெண்டுல காலிங் பெல்லுதான் இருக்கும். யாரு அழுத்தினாலும் ஒரே சத்தம். வந்திருக்கறது நான்னு அவளுக்கு எப்படித் தெரியும்?

இந்தா, உங்க ஸ்டாப்பு வந்துருச்சு. கண்டக்டர் கத்தறாரு பாருங்க. பையை எடுத்துக்கோங்க. ஏன் இப்படி மெல்லமா எந்திரிக்கிறீங்க? எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல, நல்லாச் சத்தம் போட்டே எறங்குங்க. போறவங்க சத்தமாப் போகணும் தம்பி. அப்பத்தான் இருக்கறவங்க எந்திரிச்சு வர முடியும்.

இல்ல இல்ல, நான் வரல. எனக்குக் கிளாம்பாக்கம்.

தம்பி, ஒரு நிமிஷம். ஜன்னல்ல சொருகின பேப்பரை மட்டும் உருவிட்டுப் போங்க. அடிச்சுக்கிட்டே வரட்டும்.